தாழ உட்கார்ந்தால் படகு நிற்கும், குண்டு தாவும்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் அட்சாஃபலாயா என்று ஒரு பெரிய சதுப்புப் படுகை இருக்கிறது. சைப்ரஸ் மரங்கள் தண்ணீருக்குள்ளேயே நிற்கும், நீரோட்டம் இருக்கிறதா என்றே தெரியாத கால்வாய்கள் சுற்றிச் சுற்றிப் போகும். அந்தப் பக்கத்து ஆட்கள் வீட்டிலேயே செய்துகொள்ளும் சின்னப் படகுக்கு பிரோக் என்று பெயர். முன்பெல்லாம் சைப்ரஸ் மரத்தைக் குடைந்து செய்தார்கள், இப்போது பெரும்பாலும் பிளைவுட்தான். விடுமுறை நாளில் அதை இறக்கி, தூண்டிலைப் போட்டுவிட்டுக் காலை நீட்டிச் சாய்ந்துகொள்வார்கள். சிலர் இடுப்பில் கைத்துப்பாக்கியும் இருக்கும். கேட்டால் காட்டன்மவுத் பாம்பைச் சொல்வார்கள், தண்ணீரில் நீந்தும் குழிவிரியன் வகை, நல்ல விஷம்.

படகையும் துப்பாக்கியையும் தனித்தனியாகப் பார்த்தால் பெரிய சிக்கல் ஒன்றும் தெரியாது. இரண்டையும் ஒன்றாக வைத்துக் கணக்குப் போட்டால்தான், படகைக் கவிழாமல் காப்பாற்றுகிற அதே உட்காரும் முறை துப்பாக்கிக் குண்டை ஆபத்தான கோணத்தில் தண்ணீருக்கு அனுப்புகிறது என்பது புரியும். இது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை என்பதுதான் என் கவலை.

முதலில் படகு. 6 மில்லிமீட்டர் பிளைவுட்டைப் பட்டை பட்டையாக அறுத்து, ஓரங்களில் துளை போட்டு, செம்புக் கம்பியால் தைப்பது போல முறுக்கி இணைப்பார்கள். உள்மூலையில் மரத்தூள் கலந்த எபாக்சிப் பசையை விரலளவுக்கு வழித்துப் பூசி, மேலே கண்ணாடி இழை நாடாவை ஒட்டிவிட்டால் சட்டமே இல்லாமல் படகு விறைத்து நிற்கும். 1960-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் வந்த மிரர் என்ற பாய்மரப் படகுதான் இந்த முறையைச் சாதாரண வீடுகளுக்குக் கொண்டுபோனது.

12 அடி நீளம், அடிப்பலகை 70 சென்டிமீட்டர் அகலம், இரு முனையும் கூர்ந்த ஒரு பிரோக்கை எடுத்துக்கொள்வோம். ஆள், படகு, சாமான் எல்லாம் சேர்த்து 120 கிலோ. அப்படியானால் 120 லிட்டர் தண்ணீரை அது ஒதுக்கியாக வேண்டும், அதற்கு ஏழெட்டு சென்டிமீட்டர் முங்கினால் போதும். மிதப்பது சுலபம். கவிழாமல் இருப்பதுதான் வேலை. படகு ஒரு பக்கம் சாயும்போது அந்தப் பக்கம் அதிகம் முங்குகிறது, தண்ணீரின் மேல்நோக்கிய உந்தலும் அந்தப் பக்கமே நகர்ந்து படகைத் திருப்பி நிமிர்த்துகிறது. இந்தத் திருப்பும் விசை அகலத்தின் மும்மடிக்கு ஏற்ப வளரும், அதாவது அகலம் இரட்டிப்பானால் எட்டு மடங்கு. ஒல்லியான பிரோக்கில் அது குறைவு. இந்த அளவுகளுக்குக் கணக்குப் போட்டால், ஆளும் படகும் சேர்ந்த எடைமையம் அடிப்பலகையிலிருந்து ஏறத்தாழ அரை மீட்டருக்குக் கீழே இருக்கும்வரை படகு தானாக நிமிரும், அதைத் தாண்டினால் சாய்ந்துகொண்டே போகும். படகின் தரையில் உட்கார்ந்தவருக்கு எடைமையம் கால் மீட்டர் உயரத்தில் இருப்பதால் பிரச்சினை இல்லை. எழுந்து நின்றவருக்கோ உடம்பின் எடைமையமே தொப்புள் பக்கம், ஒரு மீட்டருக்கு அருகில். நின்றபடி கழி ஊன்றிப் போகிற ஆட்கள் அங்கே உண்டு. அவர்களைத் தாங்குவது படகு இல்லை, ஒவ்வொரு நொடியும் சமன் செய்துகொண்டே இருக்கும் அவர்களுடைய கால்கள்தான்.

ஆகவே உட்கார வேண்டும், தாழ உட்கார வேண்டும். சரி, இப்போது துப்பாக்கிக்கு வருவோம்.

குளத்தில் ஓட்டாஞ்சல்லி எறிந்து தத்தவிட்டவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். தண்ணீர் மெதுவாக வருகிற பொருளுக்கு வழிவிடும், வேகமாக வருகிற பொருளுக்கு விலக நேரமில்லாமல் தரை மாதிரி நிற்கும். 9 மில்லிமீட்டர் பிஸ்டல் குண்டின் வேகம் நொடிக்கு 350 மீட்டர் வட்டாரம். அந்த வேகத்தில் நீர் எதிர்த்துத் தள்ளும் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல 600 மடங்கு. குண்டு சரிவாக வந்து பட்டால் அதன் அடிப்பக்கம் மட்டும் நனையும், அழுத்தம் முழுவதும் கீழிருந்து மேலே வரும், ஒரு சின்னப் பள்ளத்தைக் கீறிவிட்டு அது எழும்பிப் போய்விடும். பாய்மரக் கப்பல் காலத்துப் பீரங்கிக்காரர்கள் இதை வேண்டுமென்றே செய்தார்கள். 1943-இல் ஜெர்மனியின் அணைகளை உடைக்க பிரிட்டிஷ் பொறியாளர் பார்ன்ஸ் வாலிஸ் வடிவமைத்த வெடிகுண்டு நீர்மேல் தத்தித் தத்திப் போனதும் இதே விதியால்தான்.

எந்தக் கோணத்தில் தாவும்? உருண்டையான பொருளுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு: தண்ணீரைவிட அது எத்தனை மடங்கு அடர்த்தியோ, அதன் வர்க்கமூலத்தால் 18 டிகிரியை வகுக்க வேண்டும். ஈயம் 11.3 மடங்கு, வர்க்கமூலம் 3.36, விடை சுமார் 5.4 டிகிரி. அதைவிடத் தட்டையாகப் பட்டால் தாவும். குண்டின் மூக்கு வடிவத்துக்கு ஏற்ப இது கொஞ்சம் மாறும், ஆனாலும் இந்த வட்டாரம்தான்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். தரையில் உட்கார்ந்தவர் கண்ணுக்கு நேரே பிடித்த துப்பாக்கி நீர்மட்டத்திலிருந்து 70 சென்டிமீட்டர் உயரத்தில்தான் இருக்கும். அங்கிருந்து ஏழெட்டு மீட்டருக்கு அப்பால் தண்ணீரில் எதைச் சுட்டாலும் கோணம் 5.4 டிகிரிக்குக் கீழே போய்விடுகிறது. நீந்தி வரும் பாம்போ மிதக்கும் காலி டப்பாவோ பெரும்பாலும் அதைவிடத் தள்ளித்தான் இருக்கும். எழுந்து நின்றால் அந்த எல்லை 16 மீட்டர் ஆகும், ஆனால் அதற்குள் நாம் தண்ணீரில் இருப்போம். தாவின குண்டு வேகம் குறைந்து, குப்புற உருண்டு, திசையும் கொஞ்சம் மாறிப் பல நூறு மீட்டர் போகக்கூடியது. எதிர்க்கரையில் தூண்டில் போட்டிருப்பவர் மரத்துக்குப் பின்னால் இருந்தால் நமக்குத் தெரியக்கூடத் தெரியாது. ‘தண்ணீரைப் பார்த்துத்தானே சுட்டேன்’ என்பது சமாதானமே ஆகாது.

செங்குத்தாகச் சுட்டால் கதையே வேறு, தண்ணீர் காற்றைவிட 800 மடங்கு அடர்த்தி என்பதால் பிஸ்டல் குண்டு சில மீட்டருக்குள் சோர்ந்துவிடும். ஆனால் செங்குத்தாகக் கீழே இருப்பது படகின் அடிப்பலகை. மரக்கிளையிலிருந்து பாம்பு படகுக்குள் விழுந்து, பதறிப்போய்ச் சுட்டு ஓட்டை போட்டுக்கொள்வது நடக்கக்கூடியதுதான். அடிப்பலகை தண்ணீருக்கு 8 சென்டிமீட்டர் கீழே, ஓட்டை 9 மில்லிமீட்டர் என்றால் நீர் நொடிக்கு ஒன்றேகால் மீட்டர் வேகத்தில் பீறிட்டு வரும், நிமிடத்துக்கு மூன்று லிட்டர் போல. பயந்த அளவுக்கு இல்லை, ஒரு துணியைச் சுருட்டித் திணித்தால் அடங்கிவிடும். விட்டுவிட்டால் பத்து நிமிடத்தில் 30 கிலோ தண்ணீர் உள்ளே தளும்பும், படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே அதுவும் ஓடிச் சேர்ந்துகொள்வதால்தான் அது பொல்லாதது. துப்பாக்கியின் பின்னுதைப்பு படகைக் கவிழ்க்குமோ என்று சிலர் கேட்பார்கள். குண்டும் வாயுவும் சேர்ந்து தரும் உந்தம் 120 கிலோவை நொடிக்கு மூன்று சென்டிமீட்டர்கூடத் தள்ளாது. கவிழ்ப்பது சத்தத்தில் நாம் துள்ளுவதுதான்.

நனைந்தால் வெடிக்காது என்று நம்புவதும் தப்பு. தோட்டா இறுக மூடியது, உள்ளே இருக்கும் நைட்ரோசெல்லுலோஸ் தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தன்னிடமே வைத்திருக்கிறது. தண்ணீரில் விழுந்து எடுத்த துப்பாக்கியை விசையிலிருந்து விரலை விலக்கி, குழலைக் கீழே சாய்த்து, தோட்டாக்களை வெளியே எடுத்துவிட்டுக் குழலில் நீர் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நீர் அடைத்த குழலில் சுட்டால் குழல் உப்பலாம், பிளக்கவும் செய்யலாம். கடல் கழிமுகம் என்றால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் போட வேண்டும், உப்பு துருவேறா எஃகையும் குழி குழியாக அரிக்கும்.

அப்புறம் எடை. பெரும்பாலான ஆட்கள் தலையை நீருக்கு மேலே வைக்க மூன்று முதல் ஐந்தரை கிலோ கூடுதல் மிதப்பு போதும், சாதாரண லைஃப் ஜாக்கெட் ஏழு கிலோ தரும். இடுப்பில் ஒரு கிலோ எஃகு தொங்கினால் தண்ணீருக்குள்ளும் 870 கிராம் கீழே இழுக்கும். ஜாக்கெட் போட்டிருந்தால் இது தாங்கும். போடாதவருக்கு, அதிலும் நாள் முழுக்க வெயிலில் கிடந்து இரண்டு பீரும் குடித்தவருக்கு, மூக்கும் வாயும் நீருக்கு மேலே நிற்பதா இல்லையா என்பதே அந்த 870 கிராமில்தான் இருக்கிறது. அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் கணக்குப்படி படகு விபத்தில் மூழ்கி இறந்தவர்களில் 80 சதவீதத்துக்கு மேல் ஜாக்கெட் போடாதவர்கள். பாம்புக்குத் துடுப்பு போதும், நீந்துகிற பாம்பைத் துடுப்பின் நுனியால் தள்ளிவிட்டால் அது தன் வழியைப் பார்த்துக்கொண்டு போய்விடும்.