நாள் கூடினால் நஷ்டம் மேஸ்திரிக்கு மட்டுமா?

இந்த ஆண்டில் இதே நிலையில் என்னைத் தேடி வந்த மூன்றாவது குடும்பம் அது. தளம் போட்டாயிற்று, உள்பூச்சு பாதியில் நிற்கிறது, மேஸ்திரி ஆள் அனுப்புவதில்லை. ஒரு பக்கம் வீட்டு வாடகை, மறுபக்கம் வங்கித் தவணை. கூலிக்கான மதிப்பீட்டைக் காட்டுங்கள் என்றேன். டைரித் தாள் ஒன்றில் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே ஒரு வரி இருந்தது. வேலை அறுபது சதவீதம்கூட முடியாத நிலையில், பேசிய கூலியில் தொண்ணூறு சதவீதம் கைமாறியிருந்தது.

"கூலியை மட்டும் முன்கூட்டியே மொத்தமாக முடிவுசெய்து லேபர் கான்ட்ராக்ட் பேசிவிட்டோமே, நாள் கூடினால் அவருக்குத்தானே நஷ்டம்?" என்று அந்த வீட்டுக்காரர் கேட்டார். கட்டட மதிப்பீட்டுத் தொழிலில் நான் மிக அதிகமாகக் கேட்ட கேள்வியும், என்னை மிகவும் வருத்துகிற கேள்வியும் இதுதான். கைமுதல் உள்ள பெரிய ஒப்பந்ததாரரிடம் இது ஓரளவு உண்மையாக இருக்கலாம். ஆனால் நம் ஊர் மேஸ்திரிக்குக் கைமுதல் கிடையாது. நீங்கள் தருகிற பணத்தில்தான் அவர் சனிக்கிழமை சம்பளம் போடுகிறார். நாள் நீண்டு அந்தப் பணம் தீர்ந்துவிட்டால், கொத்தனாரும் சித்தாளும் திங்கட்கிழமை வேறு சைட்டுக்குப் போய்விடுவார்கள். அதைத் தடுக்க அவராலும் முடியாது, உங்கள் ஒப்பந்தத் தாளாலும் முடியாது. பிறகு நீங்கள் கூடுதல் கூலி கொடுத்து அவரையே அழைக்க வேண்டும். அல்லது புதிய மேஸ்திரியைத் தேட வேண்டும். வருகிறவரோ அடுத்தவர் விட்ட சுவரில் தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்து, மட்டம் சரிசெய்யும் கூலியையும் சேர்த்தே பேசுவார். எப்படிப் பார்த்தாலும் நஷ்டம் உங்கள் வாசலுக்குத்தான் திரும்பி வருகிறது. குறைந்த கூலிக்கு ஒத்துக்கொண்ட மேஸ்திரியிடம் இது இன்னும் விரைவாக நடக்கும்.

ஆகவே கூலி மதிப்பீடு என்பது சதுர அடியைப் பெருக்குவது அல்ல, நாட்களை மதிப்பிடுவது. அந்த நாட்களையும் ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது. அமெரிக்கக் கடற்படை 1958இல் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவாக்கிய 'பெர்ட்' முறையில் ஒவ்வொரு வேலைக்கும் மூன்று எண்கள் கேட்பார்கள்: எல்லாம் சரியாக அமைந்தால் எத்தனை நாள், வழக்கமாக எத்தனை நாள், எல்லாம் தவறினால் எத்தனை நாள். நடு எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும்.

ஒரு சிறிய வீட்டின் பூச்சு வேலைக்கு 18, 24, 42 நாட்கள் என்று வைத்துக்கொள்வோம். விடை 26 நாட்கள். மூன்று கொத்தனார், மூன்று சித்தாள் கொண்ட குழுவின் ஒரு நாள் கூலி 5,400 ரூபாய் என்றால், 24 நாளுக்கு 1,29,600 ரூபாய், 26 நாளுக்கு 1,40,400 ரூபாய், 42 நாளுக்கு 2,26,800 ரூபாய் ஆகும். குறைந்தால் ஆறு நாள்தான் குறையும், கூடினால் பதினெட்டு நாள் கூடும் என்பதைக் கவனியுங்கள். வேலை சுருங்குவதற்கு ஓர் எல்லை உண்டு. நீள்வதற்கு அப்படி எல்லை இல்லை.

ஒரு வேலையில் கூடியது இன்னொன்றில் குறைந்து சரியாகிவிடும் என்று படித்தவர்களும் நம்புகிறார்கள். தனித்தனிக் காரணங்களால் வரும் தாமதம் அப்படி ஓரளவு சமன்படும். ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழை செங்கல் வேலையையும் வெளிப்பூச்சையும், கான்கிரீட் ஊற்றப் பலகையும் முட்டும் அடிக்கும் சென்ட்ரிங்கையும் ஒரே நேரத்தில் நிறுத்துகிறது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் உள்ளூர் ஆட்கள் ஒருசேரப் போகிறார்கள், ஹோலிக்கு வடமாநிலத் தொழிலாளர்கள் போகிறார்கள். எல்லா வேலைகளையும் ஒரே காரணம் பிடித்து இழுக்கும்போது சமன்படுவதற்கு எதுவும் இல்லை.

காத்திருக்கும் நாட்களையும் பலர் மறந்துவிடுகிறார்கள். 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு முட்டுகளைப் பிரிக்க 7 நாட்கள், அதற்கு மேல் 14 நாட்கள் ஆக வேண்டும் என்கிறது கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி, ஐ.எஸ். 456 : 2000. அந்த நாட்களைக் குறைக்கச் சொல்லி மேஸ்திரியை ஒருபோதும் நெருக்காதீர்கள். ஆனால் அந்த இடைவெளியில் வேறு சைட்டுக்குப் போன குழு எட்டாம் நாள் காலையில் அப்படியே திரும்பி வந்து நிற்கும் என்றும் கணக்குப் போடாதீர்கள்.

குழுவில் எத்தனை பேர், எத்தனை நாள் என்று எழுதாத மதிப்பீட்டை வாங்காதீர்கள். பால்கனி, கைப்பிடிச் சுவர், கழிவுநீர்த் தொட்டி ஆகியவை கூலியில் அடக்கமா என்பதை முதல் நாளே எழுதி வாங்குங்கள். முடிந்த வேலையை அளந்து பணம் கொடுங்கள். மேஸ்திரி வீட்டு விசேஷத்துக்கு முன்பணம் கேட்டால், அதைத் தனியே எழுதிவைத்துப் பிறகு கழியுங்கள். சுவர் எழும்பிய பிறகு சமையலறையை இடம் மாற்றச் சொல்லாதீர்கள், இடிப்பதற்கும் கூலி உண்டு.

அந்த மூன்று எண்களில் நடு எண்ணுக்கான கூலிக்கும் கடைசி எண்ணுக்கான கூலிக்கும் இடையிலுள்ள தொகையில் பாதியையாவது தனிக் கணக்கில் போட்டுவையுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வெளிப்பூச்சு முடிந்து சாரம் பிரிக்கும் வரை, தேக்கு நிலைக்கதவுக்காகவும் அதை எடுக்காதீர்கள்.