சாலையோரம் வண்டியை நிறுத்தி, செயற்கைக்கோள் வழியே ஒரு பேச்சு

மதுரைக்கு வடமேற்கே, சோழவந்தான் பக்கத்தில், 10 டிகிரி வடக்கு அட்சரேகையும் 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. வழியில் போகிறவர்களுக்கு அது இன்னொரு வயல்காடு. ஆனால் கையில் ரேடியோவோடு ஊர் சுற்றுகிற ஹாம்களுக்கு அது நாலு கட்டங்கள் சந்திக்கிற முக்கு. அங்கே வண்டியை நிறுத்தி, தலைக்கு மேல் போகும் செயற்கைக்கோள் வழியாகப் பேசுவதற்காகவே நான் ஒரு முறை நெடுஞ்சாலையை விட்டு விலகிப் போனேன்.

ஹாம் என்றால் அமெச்சூர் ரேடியோக்காரர். அரசுத் தேர்வில் தேறி, உரிமம் வாங்கி, தனக்கென்று ஓர் அழைப்புக் குறியோடு அலைவரிசையில் பேசுபவர். இந்தியக் குறிகள் பெரும்பாலும் வி.யூ.2 அல்லது வி.யூ.3 என்று தொடங்கும். உரிமம் இல்லாமல் அனுப்பும் பொத்தானை அமுக்கவே கூடாது.

கட்டம் என்று சொன்னேனே, அது என்ன? இங்கிலாந்தின் மெய்டன்ஹெட் என்ற ஊரில் 1980-ல் நடந்த ஒரு கூட்டத்தில், உலக வரைபடத்தை 32,400 கட்டங்களாகப் பிரிக்கும் முறையை ஏற்றுக்கொண்டார்கள். ஒவ்வொரு கட்டமும் தீர்க்கரேகையில் 2 டிகிரி, அட்சரேகையில் 1 டிகிரி. நம் பக்கத்துக் கணக்கில் கிழக்கு மேற்காக 220 கிலோமீட்டர், தெற்கு வடக்காக 111 கிலோமீட்டர். இரண்டு எழுத்து, இரண்டு எண் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். செயற்கைக்கோளில் பேசும்போது பரிமாறிக்கொள்வதே அழைப்புக் குறியும் இந்தக் கட்டமும்தான். யாரும் வீட்டில் ரேடியோ வைத்திருக்காத கட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தால் கேட்கிறவர்கள் துள்ளிக் குதிப்பார்கள். காரில் கிளம்புகிற ஹாமுக்கு அதுதான் பயணத்தின் காரணம்.

சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு நெடுஞ்சாலையில் போனால் எட்டுக் கட்டங்கள். நகரின் மையம் என்.கே.03. பரங்கிமலை தாண்டி பல்லாவரம் வந்தாலே என்.கே.02. செங்கல்பட்டு, திண்டிவனம் எல்லாம் எம்.கே.92. விழுப்புரம் 91, திருச்சி 90. மேலூருக்கும் மதுரைக்கும் நடுவில் எழுத்தே மாறி எம்.ஜே.99 ஆகிவிடும். விருதுநகர் 89, திருநெல்வேலி 88. இப்படி எண்ணிக்கொண்டே ஓட்டினால் தெரிந்த சாலைகூடப் புதுசாகத் தெரியும்.

சரி, இதற்குச் செயற்கைக்கோள் எதற்கு? வாக்கி டாக்கியின் அலை நேர்கோட்டில் போகும். சமதரையில் ஆளுக்கு ஆள் சில கிலோமீட்டர். அதற்கப்புறம் பூமியின் வளைவு மறைத்துவிடும். அதே அலை சுமார் 650 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் ஒரு பெட்டிக்குப் போய்த் திரும்பினால், அந்தப் பெட்டி எங்கெல்லாம் தெரிகிறதோ அங்கெல்லாம் கேட்கும். அதாவது ஐயாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் விட்டமுள்ள ஒரு வட்டம். மேலே போகிற வழியில் மலையோ கட்டடமோ குறுக்கே நிற்காததால், கையடக்க ரேடியோவின் 5 வாட்டே போதும்.

எஸ்.ஓ.-50 என்ற சவூதிச் செயற்கைக்கோளை எடுத்துக்கொள்வோம். 2002 டிசம்பரில் பைக்கனூரிலிருந்து ஏவப்பட்டது. 145.850 மெகாஹெர்ட்ஸில் நாம் பேசுவதைக் கேட்டு, அதே நொடியில் 436.795-ல் திருப்பிச் சொல்லும். குரலோடு 67 ஹெர்ட்ஸ் தொனி ஒன்றும் போக வேண்டும். அது தூங்கிக்கொண்டிருந்தால் முதலில் 74.4 ஹெர்ட்ஸ் தொனியை இரண்டு நொடி அனுப்பி எழுப்ப வேண்டும். பத்து நிமிடம் விழித்திருக்கும்.

அது திருப்பி அனுப்பும் சக்தி கால் வாட். டார்ச் பல்பு அளவுகூட இல்லை. தலைக்கு மேல் வரும்போது 650 கிலோமீட்டர் தூரம் என்றால், அடிவானத்தில் தோன்றும்போது ஏறக்குறைய மூவாயிரம். தூரம் நாலரை மடங்கு; சிக்னல் இருபதில் ஒரு பங்காகத் தேய்ந்து வரும். ரேடியோவோடு வரும் குட்டி ரப்பர் ஆன்டெனாவில் இரைச்சல்தான் மிஞ்சும். அதனால் ஒரே திசையில் குவித்துக் கேட்கும், கையில் பிடிக்கிற யாகி ஆன்டெனா வேண்டும். தச்சர்கள் வைத்திருக்கும் இரும்பு டேப்பை வெட்டி, பி.வி.சி. குழாயில் வரிசையாகக் கட்டி வீட்டிலேயே செய்துகொள்ளலாம். அனுப்புவதற்கான துண்டுகள் சுமார் ஒரு மீட்டர், கேட்பதற்கானவை அதில் மூன்றில் ஒரு பங்கு. மடக்கினால் டிக்கியில் படுத்துக்கொள்ளும்.

காருக்குள் உட்கார்ந்தபடியே பேச முடியாதா என்று கேட்பார்கள். கூரையில் அரை மீட்டர் கம்பியை நட்டால், உலோகக் கூரையே ஆன்டெனாவின் மறுபாதியாக வேலை செய்யும். செயற்கைக்கோள் நன்றாக மேலேறி வரும்போது ஓரளவு கேட்கவும் கேட்கும். ஆனால் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி செய்கிற வேலை இல்லை இது. ஓரமாக நிறுத்திவிட்டு இறங்குங்கள்.

இனி டாப்ளர். செயற்கைக்கோள் மணிக்கு 27,000 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. நம்மை நோக்கி வரும்போது அலைகள் நெருங்கி அதிர்வெண் கூடும், விலகும்போது குறையும். ரயில் ஹாரனடித்துக்கொண்டு தாண்டிப் போகையில் சுருதி இறங்குகிற அதே சங்கதி. எஸ்.ஓ.-50 எழும்போது 436.805-ல் கேட்கத் தொடங்கி, ஐந்து ஐந்து கிலோஹெர்ட்ஸாக இறக்கிக்கொண்டே போய் 436.785-ல் முடிக்க வேண்டும். அனுப்பும் அலைவரிசை அதைவிடத் தாழ்ந்தது என்பதால் அங்கே விலகல் மூன்று கிலோஹெர்ட்ஸ்தான். அதைத் தொட வேண்டியதில்லை. கார் மணிக்கு நூறில் போனாலும் அதனால் வரும் விலகல் 40 ஹெர்ட்ஸ். கணக்கிலேயே வராது. காரின் வேகத்துக்கு இங்கே வேலையில்லை. எங்கே, எப்போது நிற்கிறோம் என்பதுதான் எல்லாம்.

சோழவந்தான் பக்கம் நான் இறங்கியபோது செயற்கைக்கோள் எழ இன்னும் நாலு நிமிடம் இருந்தது. போனில் லுக்ஃபார்சாட் செயலி எந்தத் திசை, எத்தனை டிகிரி என்று காட்டிக்கொண்டிருந்தது. இடது தோளில் ரேடியோ, காதில் ஹெட்போன், வலது கையில் ஆன்டெனா. சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடைத்து வைக்கும் ஸ்க்வெல்ச்சை முழுக்கத் திறந்து வைத்ததால் ஒரே இரைச்சல். பிறகு அந்த இரைச்சல் மெல்ல அடங்கியது. யாரும் பேசவில்லை, ஆனால் செயற்கைக்கோளின் அலை வந்துவிட்டது என்று அந்த அமைதி சொல்லியது. அப்புறம் பாதிக் குறி ஒன்று காதில் விழுந்து கரைந்தது. மணிக்கட்டைக் கால் சுற்று திருப்பினேன். குரல் பளிச்சென்று எழுந்தது. விண்ணில் உருண்டுகொண்டே போகும் பெட்டியின் ஆன்டெனா எந்தச் சாய்வில் இருக்கிறதோ, நம் ஆன்டெனாவும் அந்தச் சாய்வுக்கு வர வேண்டும். அதைக் கணக்குப் போட்டெல்லாம் பிடிக்க முடியாது. காது சொல்வதைக் கை கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வகைச் செயற்கைக்கோளில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். சுமார் இரண்டு கோடி சதுர கிலோமீட்டருக்கு ஒரே மைக். வலுவான சிக்னல் மற்றதை அமுக்கிவிடும். அதனால் குறி, கட்டம், நன்றி, அதோடு விலகிவிட வேண்டும். ஊருக்குள் இருந்துகொண்டு தினமும் பேசுகிறவர்கள், அபூர்வமான கட்டத்தில் நிற்கிற பயணிக்கு வழிவிடுவது நல்ல மரியாதை. அதைச் செய்யாதவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

பலர் ஒரே நேரத்தில் பேசக்கூடிய வேறு வகையும் உண்டு. குறிப்பிட்ட அகலமுள்ள அலைவரிசைப் பட்டையை அப்படியே தூக்கி இன்னொரு பட்டையில் இறக்கிவைக்கும். நம் இஸ்ரோ 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய ஹாம்சாட் அந்த வகை. 42.5 கிலோ எடை. ஒரு கருவி இந்தியாவில் செய்தது, இன்னொன்று நெதர்லாந்து மாணவர் ஒருவர் செய்தது. 2014 வரை உழைத்தது. அது போனதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது.

தெற்கே போகப் போக இன்னொரு லாபம் உண்டு. இந்தோனேசியாவின் ஐ.ஓ.-86, 2015 செப்டம்பரில் அதே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது. அதன் பாதை நிலநடுக்கோட்டிலிருந்து 6 டிகிரிக்கு மேல் விலகாது. ஐரோப்பியர்கள் அதைக் கேட்கவே முடியாது. நமக்கோ ஏறத்தாழ 105 நிமிடங்களுக்கு ஒரு முறை தென்வானில் எழும். குரலை வாங்கித் திருப்பிச் சொல்லும் ரிப்பீட்டரை எப்போதும் திறந்து வைப்பதில்லை, அட்டவணை பார்த்துக்கொள்ள வேண்டும்.

கன்னியாகுமரியில் தெற்கே மரமில்லை, மேடில்லை. கடல் மட்டத்திலிருந்தே செயற்கைக்கோளின் அலை வரத் தொடங்கும். கட்டம் திருநெல்வேலியின் அதே எம்.ஜே.88-தான். அடுத்த கட்டமான எம்.ஜே.87 கரையிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் ஆரம்பிக்கிறது. அதில் நிலமே கிடையாது, முழுக்கக் கடல். சின்னமுட்டம் துறைமுகத்தில் படகுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.