மீட்பு: ‘கோஏல்’ என்னும் எபிரேயச் சொல்லின் பொருள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் “மீட்டாச்சா?” என்று ஒருவர் கேட்டால், பேச்சு அடகு வைத்த நகையைப் பற்றியதாக இருக்கும்; இல்லையென்றால் ஒத்திக்குக் கொடுத்த வயலைப் பற்றி. நமக்கு உரியதாக இருந்து கைமாறிப் போனதை, கட்ட வேண்டியதைக் கட்டித் திரும்ப எடுப்பதுதான் மீட்பது. பழைய ஏற்பாட்டின் மீட்புக்கு அடிப்படையும் இதுவே. செய்தியில் வரும் ‘மீட்புப் படை’யை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால் பாதி பொருள் நழுவிவிடும்.

‘மீள்’ என்றால் திரும்பி வருதல். அதன் பிறவினை ‘மீட்டல்’, திரும்பி வரச் செய்தல். எபிரேயத்தில் இதற்கு நேரான வினை ‘காஅல்’. அதைச் செய்யும் உரிமையும் கடமையும் உள்ளவர் ‘கோஏல்’. இவர் வழிப்போக்கர் அல்ல, உறவினர். வறுமையால் தன்னையே விற்றுக்கொண்டவனை யார் மீட்கலாம் என்று லேவியராகமம் 25:48, 49 வரிசை சொல்கிறது: உடன்பிறந்தவர், பிறகு தந்தையுடன் பிறந்தவர், அவருடைய மகன், அதன்பின் குடும்பத்தில் நெருங்கிய உறவினர். செட்டிநாட்டில் இவர்களுக்குப் பெயர் பங்காளிகள்.

தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பில் இந்த ஒரே சொல் இடத்துக்கு இடம் வேறு உடையில் வருகிறது. லேவியராகமத்தில் ‘இனத்தான்’, ரூத்தில் ‘சுதந்தரவாளி’, எண்ணாகமம் 35-இல், கொலையுண்ட உறவினருக்காகப் ‘பழிவாங்குகிறவன்’, யோபு 19:25-இல் ‘மீட்பர்’. “என் மீட்பர் உயிரோடிருக்கிறார்” என்று யோபு சொல்லும்போது, என் வழக்கை எடுத்துப் பேச எனக்கொரு பங்காளி இருக்கிறார் என்கிறார். சொந்தபந்தமெல்லாம் கைவிட்டுவிட்டதாக அதே அதிகாரத்தில் புலம்பிய வாய் அது.

நிலத்தை மீட்கும் கணக்கு நம் ஒத்திக் கணக்கிலிருந்து மாறுபடும். ஒத்தியில் எத்தனை வருடம் விளைச்சலை எடுத்துக்கொண்டாலும் முதல் குறையாது. முழுத் தொகையும் கொடுத்தால்தான் வயல் திரும்பும். லேவியராகமத்தில் விற்கப்படுவதே விளைச்சல் ஆண்டுகள்தான். ஐம்பதாம் ஆண்டாகிய யூபிலி வந்தால் நிலம் தானாகத் திரும்பிவிடும் என்பதால், அதுவரை மிச்சமிருக்கும் ஆண்டுகளுக்கே விலை. யூபிலிக்கு 20 ஆண்டு இருக்கையில் 40 சேக்கலுக்கு (ஒரு சேக்கல் ஏறக்குறைய 11 கிராம் வெள்ளி) விற்று, 8 ஆண்டு கழித்து மீட்டால், மீதி 12 ஆண்டுக்கு 24 சேக்கல் கொடுத்தால் போதும். மதில் சூழ்ந்த நகரத்து வீட்டுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. ஓராண்டுக்குள் மீட்காவிட்டால் அது வாங்கியவருக்கே சொந்தம், யூபிலியிலும் திரும்பாது.

உறவு இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு ரூத் 4-ஆம் அதிகாரம் சான்று. ரூத் கணவனை இழந்தவர்; அவரை ஏற்க முன்வந்த உறவினர் போவாஸ். ஊர் வாசலில் பத்து மூப்பர் முன்னிலையில், போவாசைவிட நெருங்கிய உறவினர் நிலத்தை மீட்கிறேன் என்கிறார். ரூத்தையும் ஏற்று, இறந்த கணவர் பெயரில் வாரிசை நிலைநிறுத்த வேண்டும் என்றதும், தன் சொத்து கெட்டுவிடும் என்று, உரிமையை விட்டுக்கொடுத்ததற்கு அடையாளமாகச் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிடுகிறார். ஆக, உறவு, வசதி, மனம் மூன்றும் சேர்ந்தால்தான் கோஏல்.

இதோடு குழப்பக்கூடாத சொற்கள் இரண்டு. ‘பாதா’ என்றால் ஈடு கொடுத்து விடுவித்தல். இதற்கு உறவு தேவையில்லை. தலைமகனுக்கு ஐந்து சேக்கல் என்று எண்ணாகமம் 18:16 விதிப்பது இந்த வகை. மற்றொன்று ‘யாஷா’, ஆபத்திலிருந்து காப்பாற்றுதல். இயேசு என்ற பெயரே இந்த வேரிலிருந்து வந்தது. லூக்கா 2:11-இல் பழைய மொழிபெயர்ப்பு ‘இரட்சகர்’ என்பதைப் பிந்தைய மொழிபெயர்ப்பான திருவிவிலியம் ‘மீட்பர்’ என்கிறது. தமிழ் நடை நன்று. ஆனால் காப்பாற்றுபவரும் கோஏலும் ஒரே சொல்லுக்குள் வந்துவிடுகிறார்கள். வகுப்பு எடுப்பவர்கள் கோஏலை ‘மீட்கும் பங்காளி’ என்று ஒருமுறையாவது விரித்துச் சொல்வது நல்லது.

அப்படிச் சொன்னால் எபிரெயர் 2:14 சட்டென்று விளங்கும். பிள்ளைகள் மாம்சமும் இரத்தமும் உடையவர்களாக இருப்பதால் இயேசுவும் அப்படியே ஆனார் என்கிறது அந்த வசனம். பங்காளியாகாமல் மீட்க முடியாது, அதனால்தான் மனிதரானார். விலை என்ன என்பதை 1 பேதுரு 1:18, 19 சொல்கிறது: வெள்ளியும் பொன்னும் அல்ல, கிறிஸ்துவின் இரத்தம்.

பாடம் பெரும்பாலும் தடம் புரள்வது ‘பணம் யார் கைக்குப் போனது?’ என்ற கேள்வியில். சாத்தானை அடகுக்கடைக்காரனாக்கி, கடவுள் அவனிடம் கடன் அடைத்ததாக விளக்கக்கூடாது. எகிப்திலிருந்து இஸ்ரவேலரை விடுவிப்பதைச் சொல்லும் யாத்திராகமம் 6:6-இல் இதே ‘காஅல்’தான் வருகிறது, பார்வோனுக்கு ஒரு காசும் தரப்படவில்லை. ஏசாயா 52:3-உம் “பணமின்றி மீட்கப்படுவீர்கள்” என்கிறது. மீட்பவருக்கு ஆகும் செலவைத்தான் ‘விலை’ குறிக்கிறது.

விசுவாசத்துக்கு எபிரேயம் ‘எமூனா’: உறுதி, அசையாமை. ஆமென் இதே வேர். மீட்பும் எமூனாவும் சேர்ந்து நிற்கும் இடம் எரேமியா 32. கி.மு. 587 வாக்கில் பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது, தீர்க்கதரிசி எரேமியா காவலில் இருக்கிறார். தந்தையுடன் பிறந்த சல்லூமின் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத் நிலத்தை மீட்கும் உரிமை உனக்கே, வாங்கிக்கொள் என்கிறார். நாடே பறிபோகும் நேரத்தில் அந்த நிலத்துக்கு யார் காசு கொடுப்பார்? எரேமியா 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சிகளை வைத்துப் பத்திரம் எழுதுகிறார். முத்திரையிட்ட பத்திரம் ஒன்று, திறந்த பத்திரம் ஒன்று. இரண்டும் நெடுநாள் கெடாமல் இருக்க மண்பாண்டத்துக்குள் போகின்றன. இந்த நாட்டில் மறுபடி வீடும் வயலும் திராட்சைத் தோட்டமும் வாங்கப்படும் என்ற வாக்கை நம்பிச் செய்த கிரயம் இது. லேவியராகமம் 25, ரூத் 4 இரண்டையும் முடித்துவிட்டு இந்த அதிகாரத்தை எடுத்தால், பத்திரம் பதிந்து பழகிய நம் ஊர்க்காரர்களுக்கு ஒவ்வொரு வரியும் தானே புரியும்.