ஓடிப்போன பிள்ளை இறந்த பிறகு நாம் பேசுவதை யார் கேட்கிறார்கள்?

காணாமல்போன பிள்ளையின் படம் வாட்ஸ்அப் குரூப்பில் வரும்போது எல்லோரும் நல்லவர்கள். "ஷேர் பண்ணுங்க", "முருகா, பிள்ளை பத்திரமா திரும்பணும்" என்று எழுதுவார்கள். இரண்டு நாள் கழித்து உடல் கிடைத்ததாகச் செய்தி வந்ததும், பல நேரம் அதே ஆட்கள் வேறு மாதிரி எழுதுவார்கள். "எவன்கூட போச்சோ." "அம்மாவும் வேலைக்குப் போயிட்டா பிள்ளையை யார் பாக்கிறது?" "போன் வாங்கிக் கொடுத்தாங்கல்ல, அனுபவிக்கட்டும்." நடுவில் ஒருவர் கைகூப்பும் படம் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்.

கோலாலம்பூரில் பதின்ம வயதுப் பிள்ளைகளோடும் அவர்கள் குடும்பங்களோடும் வேலை செய்யும் ஆலோசகர் நான். இப்படி ஒரு செய்தி வந்த வாரத்தில் என்னிடம் வரும் பிள்ளைகள் இறந்த பிள்ளையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அந்த மரணத்துக்குப் பெரியவர்கள் சொன்ன பதிலைத்தான் பேசுகிறார்கள். வீட்டைவிட்டுப் போய் தோழி வீட்டில் தங்கியிருந்த பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி கேட்டாள்: "மிஸ், செத்தவளையே இப்படிப் பேசுறாங்க. நான் உயிரோட திரும்பிப் போனா என்னென்ன பேசுவாங்க?"

நாம் எழுதுவது இறந்த பிள்ளைக்குக் கேட்காது. கேட்பது இப்போது வெளியே இருக்கும் பிள்ளைக்கு. பையைக் கட்டிவைத்துவிட்டு இன்னும் போகலாமா வேண்டாமா என்று யோசிக்கும் பிள்ளைக்கு. அவர்கள் கையிலும் போன் இருக்கிறது. நான் பார்த்த பிள்ளைகளில் பெரும்பாலோர் வெகுதூரம் போவதில்லை. பக்கத்து பிபிஆர் (அரசு மலிவு விலை அடுக்குமாடி) புளோக்கில் நண்பன் வீடு, சித்தி வீடு, மிஞ்சிப்போனால் டிபிஎஸ் பஸ் நிலையம். கோபம் தணிந்ததும் திரும்பிவிடலாம் என்ற நினைப்பு அவர்களுக்கு உள்ளே இருக்கும். அந்த நினைப்பைத்தான் இந்தப் பேச்சு அடைக்கிறது. திரும்ப முடியாது என்று முடிவு செய்த பிள்ளை, யார் இடம் கொடுத்தாலும் போகும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

காதல் விவகாரம் என்று நாம் முடித்துவிடும் கதைகளில் பையன் பெரும்பாலும் கடைசியில்தான் வருகிறான். அதற்கு முன்பே வீட்டில் ஏதோ நடந்திருக்கும். ரோத்தான் பிரம்படி, அப்பாவின் குடி, வட்டிக்குக் கடன் கொடுத்த ஆலோங்காரன் கதவைத் தட்டுவது, தேர்வு முடிவைக் காட்டப் பயம், சொந்தக்காரர் ஒருவரின் கை. கடைசியாகச் சொன்னதை எந்தப் பிள்ளையும் முதல் சந்திப்பில் சொல்வதில்லை.

வீட்டுக்குள் நடப்பதும் உண்டு. செய்தியைப் படித்ததும் அப்பா மகளிடம் போனைக் காட்டி, "பாத்தியா, ஓடிப்போனா இப்படித்தான்" என்கிறார். புத்தி சொல்வதாக அவர் நினைக்கிறார். மகள் எடுத்துக்கொள்வது வேறு: தப்பு செய்தால் இந்த வீட்டில் என்னைப் பற்றியும் இப்படித்தான் பேசுவார்கள். அதன் பிறகு ஏதாவது சிக்கல் வந்தால் அவள் முதலில் மறைப்பது அவரிடமிருந்துதான். அதே செய்தியை வைத்துக்கொண்டு வேறொன்று சொல்லலாம்: "எவ்வளவு பெரிய சண்டை போட்டிருந்தாலும் சரி, எந்த நேரமானாலும் போன் பண்ணு. நானே வந்து கூட்டிட்டு வரேன். அன்னைக்கு ராத்திரி ஒரு கேள்வியும் கேக்க மாட்டேன்." சொன்னால் காப்பாற்ற வேண்டும், அதுதான் சிரமம்.

கோபப்படவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2025 ஜூலையில் சபா மாநிலத்தில், பள்ளி விடுதியில் தங்கிப் படித்த 13 வயது மாணவி இறந்தாள். அவள் ஓடிப்போனவள் அல்ல, ஆனால் நாடே பேசியது. முதலில் பிரேதப் பரிசோதனை செய்யாமலே அடக்கம் செய்திருந்தார்கள். மக்கள் கேள்வி கேட்ட பிறகுதான் உடலைத் தோண்டியெடுத்துப் பரிசோதித்தார்கள், நீதிமன்றத்தில் மரண விசாரணையும் நடந்தது. அது கோபத்தால் வந்த நன்மை. அதே கோபத்தோடு, சலவை இயந்திரத்தில் போட்டார்கள் என்ற வதந்தியும் நாடு முழுக்க ஓடியது. காயங்கள் உயரத்திலிருந்து விழுந்ததற்குப் பொருந்துகின்றன என்று தடயவியல் மருத்துவர் விசாரணையில் சாட்சி சொன்னார். அந்த வதந்தியோடு எத்தனை நாள் அந்த அம்மா படுத்து எழுந்திருப்பார்?

இன்னொன்று. போலீஸ் 'திடீர் மரணம்' என்று வகைப்படுத்தியதும் "மூடி மறைக்கிறாங்க" என்ற பேச்சு கிளம்பும். விசாரணை தொடங்கும்போது வைக்கும் வகைப்பாடு அது. ஆதாரம் கிடைத்தால் பின்னர் மாறலாம். சந்தேகம் இருக்கும் குடும்பம் வழக்கறிஞர் மூலம் மரண விசாரணை கேட்கலாம். குரூப்பில் துப்பறிவதைவிட அதற்கு ஒரு வழக்கறிஞரைத் தேடிக் கொடுத்தால் உதவியாக இருக்கும்.

வசை பேசினால் ஒன்றும் ஆகாது என்ற நினைப்பும் நம்மிடம் உண்டு. 2024 ஜூலையில் நம் சமூகத்து டிக்டாக் பிரபலம் ஒருவர் இணைய வசவுக்கு ஆளாகி இறந்தபோது, குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒரு பெண்ணுக்கு 100 ரிங்கிட் அபராதம்தான் விதிக்க முடிந்தது. அதற்குப் பிறகு தண்டனைச் சட்டத்தில் பகடிவதைக்கான புதிய பிரிவுகள் வந்து, 2025 ஜூலையில் அமலுக்கும் வந்துவிட்டன. 18 வயதுக்குக் குறைந்தவர்கள் தொடர்பான பல வழக்குகளில் பெயர், படம், பள்ளி விவரங்களை ஊடகத்தில் வெளியிடுவதை 2001-ஆம் ஆண்டு சிறார் சட்டம் ஏற்கெனவே தடுக்கிறது. துக்க வீட்டில் எடுத்த படத்தைப் பரப்புகிறவர்கள் இதை நினைத்துப் பார்ப்பதில்லை.

பிள்ளை இன்னும் வெளியே இருக்கிறது என்றால், 24 மணி நேரம் காத்திருந்த பிறகுதான் புகார் என்பது கட்டுக்கதை. உடனே காவல் நிலையத்துக்குப் போங்கள். காணாமல்போன சிறு பிள்ளைகளைத் தேட போலீஸ் விடும் நூர் எச்சரிக்கை 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கானது, எனவே பதின்ம வயதினருக்கு உங்கள் புகார்தான் முதல் அடி. படத்தைப் பரப்பினால் அம்மாவின் சொந்த எண்ணைப் போடாதீர்கள், அதைப் பார்த்து மோசடிக்காரர்கள் அழைப்பார்கள். காவல் நிலைய எண் போதும். பிள்ளை கிடைத்ததும் படத்தை அழித்துவிட்டு "கிடைத்துவிட்டார்" என்று மட்டும் எழுதுங்கள். எங்கே, யாரோடு என்பது குரூப்புக்குத் தேவையில்லை. சில ஆண்டு கழித்தும் அந்தப் பழைய படம் சுற்றி, புதுப் பள்ளியில் ஒரு பையன் தலைகுனிந்து நின்றதை நான் அறிவேன்.

துக்க வீட்டில் "எப்படி ஆச்சு?" என்று கேட்காதீர்கள். பதினாறாம் நாள் வரை சமையலைப் பார்த்துக்கொள்ளுங்கள். தம்பி தங்கை இருந்தால் பள்ளிக்கு யாராவது கூடப் போங்கள், கவுன்சலிங் ஆசிரியரிடம் முன்பே பேசிவையுங்கள்.

பிள்ளை உயிரோடு திரும்பினால், போலீசுக்குத் தெரிவித்துவிட்டு முதலில் சாப்பாடும் தூக்கமும் கொடுங்கள். உங்கள் கேள்விகள் அடுத்த நாள் இருக்கட்டும். யாராவது தொட்டதாகச் சொன்னால் மட்டும் குளிக்கவைக்காமல், உடையை மாற்றாமல், அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். அங்கே ஒன் ஸ்டாப் கிரைசிஸ் சென்டர் என்று கேட்டால் மருத்துவப் பரிசோதனை, போலீஸ், ஆலோசனை எல்லாம் ஒரே இடத்தில் நடக்கும். யாரிடம் பேசுவது என்று தெரியாவிட்டால் அரசின் உதவி எண் தாலியான் காசே 15999. மனம் உடைந்து போயிருந்தால், காது கொடுத்துக் கேட்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929. இரண்டும் இரவிலும் எடுப்பார்கள், தமிழ் பேசுபவர் இருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.