இந்திரனின் கை

அம்ச்சி எனப்படும் திபெத்திய வைத்தியரின் சரக்குகளில் ஒரு காய்ந்த கிழங்கு உண்டு. முதல்முறை பார்ப்பவர் கொஞ்சம் திடுக்கிடுவார். அச்சு அசலாகக் குழந்தையின் கை போல, மூன்று முதல் ஐந்து விரல்களோடு இருக்கும். திபெத்தியர் வைத்த பெயர் வாங்போ லாக்பா. லாக்பா என்றால் கை. வாங்போ என்பது இந்திரனுக்கும் பெயர். தாவரவியல் பெயரான டாக்டைலோரைசா ஹட்டாகிரியாவின் முதல் சொல்லுக்கும் கிரேக்கத்தில் 'விரல் வேர்' என்றுதான் பொருள்.

இமயமலையின் உயரமான ஈரப் புல்வெளிகளில் ஊதாப் பூங்கொத்தோடு நிற்கும் ஆர்க்கிட் இது. கிழங்குப் பொடியை உடம்பு தேறவும் ஆண்மைக்கும் பாலில் காய்ச்சிக் கொடுப்பார்கள். வெட்டுக்காயத்தில் அப்படியே தூவுவதும் உண்டு.

பொடியில் தண்ணீர் பட்டால் கொழகொழவென்று உப்பும். காரணம் குளுக்கோமன்னான் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலி. ஊறிய சப்ஜா விதையைச் சுற்றும் வழவழப்பிலும் இது இருக்கிறது. சங்கிலி நெடுக நீர் மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்ள இடம் இருப்பதால் கூழாகிவிடும். காயத்தின் மேல் அந்தக் கூழ் ஈரமான மூடியாகும். வயிற்றுக்குள் போனால் நம் செரிமான நொதிகளால் அதை உடைக்க முடியாது, அதனால் நார்ச்சத்தாக நகரும். ஆண்மை விஷயத்தில் எலிகளை வைத்துச் சோதித்திருக்கிறார்கள். அதை நம்பிக் காசைக் கொட்ட நான் சொல்ல மாட்டேன்.

சரி, செடிக்கு எதற்கு இந்தக் கூழ்? அது அதன் சேமிப்பு. தோண்டினால் இரண்டு கிழங்குகள் இருக்கும். சுருங்கிக் கறுத்த ஒன்று, இந்த ஆண்டுத் தண்டுக்குத் தீனி போட்டு ஓய்ந்தது. வெள்ளையாய்க் கொழுத்த இன்னொன்று அடுத்த ஆண்டுக்கானது. தோண்டுகிறவர் கண் வெள்ளையின் மேல்தான். அதை எடுத்துவிட்டால் மறு கோடையில் அந்த இடத்தில் செடி முளைக்காது.

விதை இருக்கிறதே என்றால், அது தூசி மாதிரி. உள்ளே உணவே கிடையாது. மண்ணில் உள்ள பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும், அப்புறம் பூக்கப் பல ஆண்டுகள். நேபாளம் இதைத் தோண்டவும் விற்கவும் தடை விதித்திருக்கிறது. ஆனாலும் காய்ந்த கிழங்குக்கு நல்ல விலை கிடைப்பதால், மேய்ச்சல் நிலங்களில் திருட்டுத்தனமாகத் தோண்டுவது நின்றபாடில்லை.