எங்கேஜ்மென்ட்: ஈடு வைத்த சொல்

நிச்சயதார்த்தத்தை எங்கேஜ்மென்ட் என்கிறோம். தொண்டு நிறுவனம் ஒன்றின் ஃபேஸ்புக் பதிவுக்கு விழும் லைக், கருத்து, பகிர்வு ஆகியவற்றின் கூட்டுத்தொகைக்கும் அதே பெயர்தான். மோதிரம் மாற்றிக்கொள்வதற்கும் கட்டைவிரலால் திரையைத் தட்டுவதற்கும் எப்படி ஒரே சொல் வந்தது?

பிரெஞ்சில் 'காஜ்' என்றால் அடகுப் பொருள், பிணை. அதிலிருந்து பிறந்த 'அங்காஜே' என்ற வினைச்சொல்லுக்கு முதலில் அடகு வைப்பது என்றுதான் பொருள். ஆங்கிலத்துக்குப் போனபின், வாக்கையே பிணையாக வைப்பதையும் அது குறித்தது. இருவர் சொல் கொடுத்துக்கொள்ளும் நிச்சயதார்த்தம் எங்கேஜ்மென்ட் ஆனது இப்படித்தான். வீட்டை ஈடாக வைத்து வாங்கும் கடனைக் குறிக்கும் 'மார்ட்கேஜ்' என்ற சொல்லின் பின்பாதியும் இதே காஜ்தான். நேர்ப்பொருள் 'செத்த ஈடு'.

இனித் தமிழுக்கு வருவோம். எங்கேஜ்மென்ட் என்பதற்கு நாம் வழங்கும் சொல் ஈடுபாடு. அதை ஈடு, பாடு என்று பிரித்துப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது. படு என்ற வினை முதலெழுத்து நீண்டு பாடு ஆகிறது. கெடு, கேடு ஆவதைப் போல. அதே வழியில் இடு, ஈடு ஆகிறது. ஈடு என்றால் இட்டது, வைத்தது. அதன் வழியாக அடகு, பிணை, சமம். 'நிலத்தை ஈடு வைத்தார்' என்று இன்றும் சொல்கிறோம். ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத இரண்டு மொழிகள், மனம் ஒன்றில் தோய்வதைச் சொல்ல, பிணையையும் குறிக்கும் ஒரு சொல்லையே எடுத்திருக்கின்றன.

கணக்கு நோட்டைத் திறந்தாலும் இதே ஈடுதான். முதலீடு, ஒதுக்கீடு, மதிப்பீடு, காப்பீடு, இழப்பீடு. ஒரு தொண்டு நிறுவனத்தின் நிதிநலமும் மக்கள் ஈடுபாடும் தமிழில் ஒரே வேரில் நிற்கின்றன.

அதனால்தான் சமூக ஊடகக் கணக்கில் வரும் 'எங்கேஜ்மென்ட் ரேட்'டுக்கு 'ஈடுபாட்டு விகிதம்' என்ற மொழிபெயர்ப்பை நான் ஏற்பதில்லை. அந்த விகிதம் எதை அளக்கிறது? பொதுவாக லைக், கருத்து, பகிர்வு மூன்றையும் கூட்டி, பதிவு எத்தனை பேரைச் சென்றடைந்ததோ அந்த எண்ணால் வகுத்து, நூறால் பெருக்குகிறார்கள். ஒரு பதிவு 4,000 பேரை அடைந்து 190 லைக், 6 கருத்து, 4 பகிர்வு பெற்றதாக வைத்துக்கொள்வோம்: 5 விழுக்காடு. இன்னொரு பதிவு 1,000 பேரை அடைந்து 20 லைக், 14 கருத்து, 16 பகிர்வு பெறுகிறது. அதுவும் 5 விழுக்காடு. ஆனால் இரண்டாவதன் கருத்துகளில் ஒருவர், 'வாரம் ஒரு மாலை வந்து பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன்' என்று எழுதியிருக்கிறார். அவர் தம் நேரத்தை ஈடு வைக்கிறார். விகிதத்தின் கண்ணுக்கு அது ஒரு லைக்குக்குச் சமம்.

ஆகவே என் பரிந்துரை: இந்த எண்ணை எதிர்வினை விகிதம் என்று சொல்லலாம். கேள்வியும் பதிலுமாக உரையாடல் நடந்தால் ஊடாட்டம். நேரமோ பணமோ வாக்கோ ஒருவர் கையிலிருந்து இறங்கியிருந்தால் மட்டுமே ஈடுபாடு. கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்தவரைப் பங்கேற்பாளர் என்று சொல்ல ஏற்கெனவே சொல் இருக்கிறது.

நிதிப் பக்கத்திலும் ஒரு சொல் ஏமாற்றுகிறது: கையிருப்பு. வங்கியில் 12 லட்சம் இருக்கிறது, மாதச் செலவு ஒன்றரை லட்சம் என்றால், எட்டு மாதம் தாங்கும் என்று நிர்வாகக் குழு நிம்மதியாகக் கலைந்துவிடும். ஆனால் அதில் 9 லட்சம் நூலகக் கட்டடத்துக்கென்றே ஒருவர் கொடுத்தது. அதைத் தொட்டுச் சம்பளம் போட முடியாது. உண்மையில் தாங்குவது இரண்டு மாதம். ஒரு வேலைக்கென்றே தந்த கட்டுள்ள நிதி, எந்த வேலைக்கும் எடுக்கக்கூடிய கட்டற்ற நிதி என்று இரண்டாகப் பிரித்து, கட்டற்றதை மட்டும் மாதச் செலவால் வகுத்துப் பார்ப்பதே நிதிநலத்தின் முதல் அளவு. 'இலாப நோக்கற்ற' என்ற பெயரைப் பார்த்து மிச்சமே இருக்கக்கூடாது என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறு. மிச்சம் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். அதை உரிமையாளர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கக்கூடாது என்பதுதான் பொருள். அந்த மிச்சத்துக்கு உபரி என்ற நல்ல சொல் இருக்கிறது.

இந்த இரண்டு பக்கங்களும் சந்திக்கும் எண் ஒன்று உண்டு. சென்ற ஆண்டு நன்கொடை தந்தவர்களில் எத்தனை பேர் இந்த ஆண்டும் தந்தார்கள்? 200 பேரில் 90 பேர் என்றால் 45 விழுக்காடு. இதைக் 'கொடையாளர் தக்கவைப்பு' என்று மொழிபெயர்க்கிறார்கள். நிறுவனம் அவர்களைப் பிடித்து வைத்திருப்பது போல ஒலிக்கிறது அது. திரும்பி வந்தது அவர்கள். தொடர்கொடை விகிதம் என்று சொல்லலாம்.