பவளக் கல்லைக் கொதிக்க வைக்காதீர்கள்

சென்னை பெரம்பூரில் ஒரு வாடிக்கையாளர், கடல்நீர் மீன்தொட்டி முழுவதும் படர்ந்துவிட்ட ஸோவாக்களை (பூப்போல விரிந்து கூட்டமாக வளரும் பவள இன உயிர்கள்) ஒழிக்க வேண்டுமென்று, அவை ஒட்டியிருந்த கல்லை வெளியே எடுத்துச் சமையலறை அடுப்பில் ஏற்றியிருக்கிறார். அன்றிரவே வீட்டிலிருந்த எல்லோருக்கும் குளிர்க்காய்ச்சல், விடாத இருமல், வாயில் உலோகக் கசப்பு. மருத்துவரிடம் கல்லைப் பற்றிச் சொல்லாததால், வைரல் காய்ச்சலுக்கான மாத்திரைகளோடு திரும்பியிருக்கிறார்கள். கொளத்தூரிலிருந்து வீடுவீடாகச் சென்று ரீஃப் டேங்க் எனப்படும் பவளத் தொட்டிகளைப் பராமரிக்கும் எனக்கு இப்படியொரு கதை புதிதல்ல என்பதுதான் எரிச்சலாக இருக்கிறது.

கொதிக்க வைத்தால் எதுவும் செத்துப்போகும் என்பது நம் வீடுகளில் ஊறிய நம்பிக்கை. கிருமிக்கு அது பொருந்தும். ஸோவாவிலும் அதன் உறவினமான பாலிதோவாவிலும் இருக்கக்கூடிய பாலிடாக்ஸின் என்ற நஞ்சு கிருமியல்ல, உயிரற்ற வேதிப்பொருள். 1971இல் ஹவாய்த் தீவுகளின் பாலிதோவா ஒன்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட இந்த நஞ்சு, அடுப்புச் சூட்டில் சிதையாது. கொதிக்கும்போது தெறிக்கும் நுண்துளிகளோடு அது காற்றில் கலந்து, ஏசிக்காகச் சன்னல்களை அடைத்த வீட்டில் எல்லோருடைய நுரையீரலுக்குள்ளும் போகிறது. தொட்டிக்குள் கிடந்த வரை கையுறையும் கண் காப்புமே போதுமாயிருந்த ஒன்றை, நாமே மூச்சுக்காற்றாக்கித் தருகிறோம். 2007இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், வேண்டாத பழுப்பு ஸோவாக்களின் மேல் கொதிநீர் ஊற்றியவரும் நீராவியைச் சுவாசித்துத்தான் மூச்சுத்திணறலுக்கு ஆளானார். மைக்ரோவேவ், நீராவிக் கருவி, உலர்ந்த கல்லைக் கம்பித் தூரிகையால் தேய்ப்பது எல்லாம் இதே தவறுதான். "இது ஸோவாதான், பாலி (பாலிதோவா) இல்லை" என்று கடையில் சொன்னதாகச் சிலர் வாதிடுகிறார்கள். ஒன்றில் நஞ்சு ஏராளமாகவும், பார்வைக்கு அதைப் போன்றே இருக்கும் மற்றொன்றில் சிறிதும் இல்லாமலும் இருக்கக்கூடும் என்பதால், கண்ணால் பார்த்துச் சொல்ல எவராலும் முடியாது.

அடுப்பு வரை போகும் நிலை, பவளத்தை வைத்த நாளிலேயே தொடங்கிவிடுகிறது. கிரீன் ஸ்டார் பாலிப், ஸீனியா, மஷ்ரூம், ஸோவா ஆகிய வேகமாகப் படரும் பவள வகைகளைத் தொட்டியின் நடுப்பாறையில் ஒட்டாதீர்கள். மணலில் தனியாக நிற்கும் கல்லில், நாலாபுறமும் கையளவு வெற்றிடம் விட்டு வையுங்கள். கிரீன் ஸ்டார் பாலிப்பின் ஊதா விரிப்பு பாறையைத் தொட்டுவிட்டால், பக்கத்திலிருக்கும் கல் பவளத்தின் அடிவிளிம்பில் ஏறி, ஓரத்திலிருந்து அதை மூடிக்கொண்டே போகும், கண்ணாடியிலும் ஏறும். விளிம்பு தாண்டும்போதே விரிப்பைப் பிளேடால் கிளப்பி உரித்துவிட வேண்டும். ஸீனியாவையும் மஷ்ரூமையும் வெட்டிப் பயனில்லை, அடியில் தங்கும் துணுக்கிலிருந்து அவை மீண்டும் முளைக்கும், கல்லோடு எடுங்கள். தீனியை அள்ளிப் போட்டு நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் ஏற்றிவிட்டு, அதனால் இவை வேகமாகப் படர்வதைத் தொட்டியின் ஆரோக்கியம் என்று மெச்சிக்கொள்ள வேண்டாம்.

ஸோவா கல்லை அகற்றும்போது கையுறையும் கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். கல்லை ஈரத்தோடேயே பக்கெட்டில் இறக்கி, ஒரு பங்கு பிளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, மொட்டை மாடி போன்ற திறந்த இடத்தில் மூழ்கவிடுங்கள். சூடு வேண்டாம், அமிலமோ வேறு கிளீனரோ கலக்கவே கூடாது. குழந்தைகளும் செல்லப்பிராணிகளும் அந்தப் பக்கம் வரக்கூடாது.

வேண்டாத பவளத்தைக் காசிமேட்டிலோ எண்ணூரிலோ கடலில் விடுவது புண்ணியம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். வெனிசுவேலாக் கரையோரத்தில், ஸீனியா குடும்பத்தைச் சேர்ந்த அயல் பவளம் ஒன்று உள்ளூர்ப் பவளங்களை மூடிப் படர்ந்துவிட்டதை அவர்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

கல்லைக் கையாண்ட பிறகு இருமலோ, காய்ச்சலோ, கண்ணெரிச்சலோ, கசப்போ தெரிந்தால், தயவுசெய்து காத்திருக்காமல் வீட்டிலுள்ள அனைவரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கோ அருகிலுள்ள வேறு மருத்துவமனைக்கோ போங்கள். இதற்கு மாற்று மருந்து கிடையாது, அறிகுறிகளுக்கான சிகிச்சை மட்டுமே உண்டு. அதனால் 'பாலிடாக்ஸின்' என்ற பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதி மருத்துவர் கையிலேயே கொடுங்கள்.